கடைசி ஒரு கிலோமீட்டரில் என்னவெல்லாம் நடக்கிறது, தெரியுமா?

ஜொகூர் பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் ஜொகூர்க்காரர்களுக்கு அந்தப் பாலத்தில் ஊர்ந்து போவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கிட்டத்தட்ட அதே தூரத்தை, வெறும் கால் பலத்தில், ஒரு தொழில்முறைச் சைக்கிளோட்ட வீரர் பந்தயத்தின் முடிவில் எத்தனை நேரத்தில் கடக்கிறார் தெரியுமா? ஏறக்குறைய ஒரு நிமிடம்தான்! அதுவும் காலையிலிருந்து வெயிலிலும் மழையிலும் 150, 200 கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்தபிறகு! முழங்கைக்கு முழங்கை உரச, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலம்கூட இல்லாமல்!

ஐரோப்பாவுக்குப் போனால்தான் இதைப் பார்க்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். 1996-ல் தொடங்கிய லெ டூர் டி லங்காவி நம் மண்ணின் பந்தயம். உலகின் பெரிய அணிகள் இங்கே வந்து மிதித்திருக்கின்றன. கெந்திங் மலை ஏறும் நாளில் மெலிந்த உடல்வாகு கொண்ட மலையேறிகள் ராஜாக்கள். ஆனால் பந்தயம் தெற்கே ஜொகூர் பக்கம் இறங்கிவிட்டால் கதையே வேறு. நம் மாநிலத்தின் மிக உயர்ந்த லேடாங் மலையே 1,276 மீட்டர்தான். பந்தயச் சாலையோ அதன் மேல் ஏறுவதில்லை. மூவார், பத்து பகாட், பொந்தியான் என்று மேற்குக் கரையோரம் நீளும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையைப் பாருங்கள். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே தட்டையாக ஓடுகிறது. தப்பித்து முன்னே ஓடிய நாலைந்து பேரைப் பின்னால் வரும் பெருங்கூட்டம் விரட்டிப் பிடித்துவிடும். அப்புறம் என்ன? மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் கடைசி வளைவில் திரும்பும். ஸ்பிரிண்ட்!

அந்தக் கூட்டத்துக்குப் பெலட்டான் என்று பெயர். அதற்குள் ஒளிந்திருக்கும் அதிசயம் தெரியுமா? நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ட் பிளோக்கனும் அவர் குழுவினரும் 121 வீரர்கள் கொண்ட ஒரு கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தனியாக மிதிப்பவர் எதிர்கொள்ளும் காற்றுத் தடையில், கூட்டத்தின் நடுவயிற்றில் இருப்பவருக்கு வெறும் 5 முதல் 10 விழுக்காடுதான்! நூறு பங்குச் சுமையில் தொண்ணூறு பங்கை முன்னால் போகிறவர்கள் சுமக்கிறார்கள். இதனால்தான் ஸ்பிரிண்டர்கள் நாள் முழுக்கக் கூட்டத்துக்குள் பதுங்கி இருக்கிறார்கள். கடைசி 200 மீட்டர் வரை அவர்கள் முகத்தில் காற்று படவே கூடாது.

அந்த 200 மீட்டர் வரை அவரைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கென்றே அணியில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் பின் ஒருவராக நான்கைந்து பேர் ரயில் பெட்டிகளாகக் கோத்து நிற்பார்கள். முதல் ஆள் தன் உயிரைக் கொடுத்து மிதித்து, நெஞ்சு வெடிக்கும் நிலையில் ஒதுங்குவார். அடுத்தவர் பொறுப்பேற்பார். கடைசி ஆள்தான் ஸ்பிரிண்டரை முழுவேகத்தில் வெளியே ஏவிவிட்டு ஒதுங்குகிறவர். தன் பெயர் எந்தப் பட்டியலின் உச்சியிலும் வராது என்று தெரிந்தே இத்தனையும் செய்கிறார்கள். எனக்கு வெற்றியாளரைவிட இவர்கள் மேல்தான் பிரியம் அதிகம்.

வேகக் கணக்கைக் கேளுங்கள். மணிக்கு 70 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடியில் 19 மீட்டருக்கும் மேல். முன்பல்சக்கரத்தில் 54 பற்கள், பின்னால் 11 பற்கள் என்று வைத்தால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சைக்கிள் பத்து மீட்டருக்கு மேல் பாய்கிறது. அந்த வேகத்துக்கு நிமிடத்தில் 110 தடவைக்கு மேல் கால் சுழல வேண்டும். ஒரு நல்ல ஸ்பிரிண்டர் அந்தச் சில விநாடிகளில் 1,500 வாட்டுக்கும் மேல் சக்தியைப் பெடலில் இறக்குகிறார். வீட்டில் துணிக்கு இஸ்திரி போடும் பெட்டியைச் சூடேற்றும் அளவு மின்சாரம், இரண்டு கால்களிலிருந்து!

சரி, இத்தனை பேர் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட்டால் யார் ஜெயித்தது என்று எப்படிச் சொல்வது? வீரரின் தலையோ நெஞ்சோ கணக்கில்லை. முன்சக்கரத்தின் டயர் விளிம்பு கோட்டை எப்போது தொடுகிறது என்பதுதான் கணக்கு. அதனால்தான் கடைசி நொடியில் கைகளை நீட்டி, பின்பக்கத்தை இருக்கைக்குப் பின்னால் தள்ளி, சைக்கிளை முன்னே எறிவார்கள். அந்தக் கணத்தைப் பிடிக்கும் கேமராவோ முழுச் சாலையையும் பார்ப்பதில்லை. முடிவுக்கோட்டை மட்டும், ஒரு மெல்லிய கீற்றாக, விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை பார்க்கிறது. அந்தக் கீற்றுகளை வரிசையாக ஒட்டினால் வருவதுதான் நாம் பார்க்கும் புகைப்படம். அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக நீள்வது தூரமே அல்ல, நேரம்! இன்னொரு முறை படித்துப் பாருங்கள், உண்மைதான்.

2017 டூர் டி பிரான்ஸின் ஏழாம் கட்டம், அதாவது ஏழாம் நாள் ஓட்டம், நுய்-செயின்ட்-ஜார்ஜ் நகரம். ஜெர்மனியின் மார்செல் கிட்டலும் நார்வேயின் எட்வால்ட் போவாசன் ஹேகனும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். 213 கிலோமீட்டர் மிதித்த பிறகு இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 6 மில்லிமீட்டர். நேரத்தில் சொன்னால் பத்தாயிரத்தில் மூன்று பங்கு விநாடி. கிட்டலுக்கு வெற்றி.

கையைத் தூக்குவதில்கூட ஆபத்து இருக்கிறது. 2004 மிலான்–சான் ரெமோவில் எரிக் சாபெல் ஜெயித்துவிட்டோம் என்று இரு கைகளையும் உயர்த்தினார். பக்கத்தில் ஆஸ்கர் ஃப்ரெய்ரே சைக்கிளை எறிந்து பந்தயத்தைப் பறித்துக்கொண்டார். 2024 ஆம்ஸ்டல் கோல்டு பெண்கள் பந்தயத்தில் லோரனா வீபெஸ் கொண்டாடத் தொடங்கிய அதே கணத்தில் மரியான் வோஸ் முந்திவிட்டார். எல்லாவற்றையும் மிஞ்சியது 2020 லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ். புதிதாக உலகச் சாம்பியன் ஆகியிருந்த ஜூலியன் அலாபிலிப் கை தூக்கினார், பிரிமோஸ் ரோக்லிச் முந்தினார். அதோடு முடியவில்லை! ஸ்பிரிண்டின்போது தன் தடத்தை விட்டு விலகி மற்றவர்களை இடைஞ்சல் செய்தார் என்று நடுவர்கள் அலாபிலிப்பை இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

அந்த விதிதான் இந்த விளையாட்டின் உயிர் என்பேன். ஸ்பிரிண்டைத் தொடங்கும்போது எந்தத் தடத்தில் இருக்கிறாயோ, அதிலிருந்து விலகி அடுத்தவரை ஆபத்தில் தள்ளாதே. உலகச் சைக்கிளோட்டச் சம்மேளனத்தின் விதிப்புத்தகத்தில் இதற்கு விளக்கங்களும் தண்டனைகளும் நீளமாக இருந்தாலும், சாரம் இவ்வளவுதான். நேராகப் போ. பக்கத்தில் இருப்பவர் நேராகப் போவார் என்று நம்பித்தான் ஒவ்வொருவரும் தலையைக் குனிந்து, கண்ணுக்கு எட்டாத வேகத்தில் பெடலை மிதிக்கிறார்கள். அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும்?

2020 ஆகஸ்ட் 5. போலந்தின் கதோவித்சே நகரம். இறக்கத்தில் அமைந்த முடிவுக்கோடு. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தொட்டது. டிலன் குரூனவேகன், ஃபாபியோ யாகோப்சன் இருவரும் நெதர்லாந்துக்காரர்கள். குரூனவேகன் வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தார். தடுப்புக்கும் அவருக்கும் நடுவே இருந்த இடைவெளி மூடியது. யாகோப்சன் தடுப்புகளை உடைத்துக்கொண்டு பறந்தார். மருத்துவர்கள் அவரைச் செயற்கை மயக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. முகத்தில் 130 தையல்கள். பற்கள் பல போயின. முதலில் கோட்டைத் தாண்டிய குரூனவேகன் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட யாகோப்சனுக்கு அந்தக் கட்டத்தின் வெற்றி கொடுக்கப்பட்டது. குரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. அவருக்குக் கொலை மிரட்டல்களும் வந்தன. அது அநியாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு நடந்ததைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். எட்டே மாதத்தில் யாகோப்சன் பந்தயத்துக்குத் திரும்பினார். 2021-ல் ஸ்பெயினின் வுவெல்ட்டாவில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலில் நிற்பவருக்கான பச்சை ஜெர்சியையும் எடுத்தார். 2022 டூர் டி பிரான்ஸ் டென்மார்க்கில் தொடங்கியபோது, இரண்டாம் கட்டத்தை வென்றவர் யாகோப்சன். மறுநாள் மூன்றாம் கட்டத்தை வென்றவர் யார்? குரூனவேகன்! எழுதிவைத்த கதையில்கூட இப்படி அடுத்தடுத்த நாளில் வராது.

நம் லங்காவிப் பந்தயத்தில் கட்டங்கள் வென்ற தியோ போஸின் கதையும் இதோடு சேர்ந்தது. ஓடுதளச் சைக்கிளோட்டத்தில் உலகச் சாம்பியனாக இருந்து சாலைக்கு வந்தவர். 2009 துருக்கிப் பந்தயத்தின் கடைசி நாளில், முடிவுக்கோட்டுக்கு அருகே, ஒட்டுமொத்தத்தில் முன்னணியில் இருந்த தென்னாப்பிரிக்காவின் டேரில் இம்பியைக் கையால் பிடித்து இழுக்க, இம்பி தடுப்பில் மோதி விழுந்தார். முதுகெலும்பில் முறிவு. ஆனாலும் பந்தயத்தின் ஒட்டுமொத்த வெற்றி இம்பிக்கே! போஸ் தடைக்கு உள்ளானார்.

விழுந்தும் இம்பி எப்படி ஜெயித்தார் என்று கேட்கிறீர்களா? மூன்று கிலோமீட்டர் விதி என்று ஒன்று உண்டு. தட்டையான கட்டங்களில், கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தாலோ சைக்கிள் பழுதானாலோ, அப்போது எந்தக் கூட்டத்தோடு இருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரமே அவருக்கும் எழுதப்படும். மலையேறிகளும் ஒட்டுமொத்த முன்னணியில் இருப்பவர்களும் ஸ்பிரிண்டர்களோடு முட்டிமோதாமல் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பதற்காக வந்த நல்ல விதி. ஆனால் விழுந்த பிறகும் கோட்டைக் கடந்தே தீர வேண்டிய நிலை ஒருவருக்கு வந்தது. 1991 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள், பாரிஸின் ஷான்செலிசே சாலை. பச்சை ஜெர்சி அணிந்த உஸ்பெக் வீரர் ஜமாலுதீன் அப்துஜபாரோவ் தலையைக் குனிந்து மிதித்தபடி, சாலையோரம் வைத்திருந்த பிரமாண்டமான விளம்பரக் குளிர்பான டின்னில் மோதித் தூக்கி எறியப்பட்டார். கோடு கண்ணெதிரே. கடக்காவிட்டால் மூன்று வாரம் உழைத்துச் சேர்த்த பச்சை ஜெர்சி போய்விடும். அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். எலும்பு முறிந்த உடலோடு மெல்லக் கோட்டைக் கடந்தார். ஜெர்சி அவருக்கே.

டூர் டி பிரான்ஸில் தண்டனைக் கதைகளும் குறைவில்லை. 1997-ல் டாம் ஸ்டீல்ஸ் கோபத்தில் சக வீரர் மீது தண்ணீர்ப் போத்தலை எறிந்து வெளியேற்றப்பட்டார். 2010-ல் மார்க் ரென்ஷா, பக்கத்தில் மிதித்த ஜூலியன் டீனைத் தலையால் மூன்று முறை முட்டி வெளியேற்றப்பட்டார். 2017-ல் விட்டெல் நகரில் மார்க் கேவண்டிஷ் தடுப்பில் மோதித் தோள்பட்டை எலும்பு முறிந்தபோது, உலகச் சாம்பியன் பீட்டர் சகான் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், அது வேண்டுமென்று செய்யாத பந்தய விபத்து என்று சம்மேளனமே ஒப்புக்கொண்டது. விநாடிக்கு 19 மீட்டர் வேகத்தில் நடப்பதை நடுவர்கள் சில நிமிடங்களில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

காற்பந்தில் மட்டும்தான் மஞ்சள் அட்டை என்று நினைத்தீர்களா? 2025 முதல் சைக்கிளோட்டத்திலும் வந்துவிட்டது! நடுவர் அட்டையைத் தூக்கிக் காட்டுவதில்லை. நாளின் முடிவில் அறிக்கையில் எழுதுகிறார்கள். ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியேற்றம், ஏழு நாள் தடை. முப்பது நாளில் மூன்று வாங்கினால் பதினான்கு நாள் தடை. வீரருக்கு மட்டுமல்ல, பின்னால் வரும் அணிக் காரின் ஓட்டுநருக்கும் அட்டை உண்டு. ஸ்பிரிண்டரை ஏவிவிட்ட பிறகு கூட்டத்தின் நடுவிலேயே வேகத்தைக் குறைத்துக் கொண்டாடி, பின்னால் வருகிறவர்களை ஆபத்தில் தள்ளும் தோழருக்கும் அட்டை!

விதிப்புத்தகத்தில் இல்லாத விதிகளும் இந்த விளையாட்டில் இருக்கின்றன. 2022 டூர் டி பிரான்ஸில், ஒட்டுமொத்த முன்னணியில் இருந்த மஞ்சள் ஜெர்சிக்காரர் யோனாஸ் விங்ககோர், மலை இறக்கத்தில் தன் ஒரே எதிரி தடேய் போகச்சார் வழுக்கி விழுந்தபோது முந்தி ஓடவில்லை. வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். வந்து சேர்ந்த போகச்சார் கையை நீட்டினார். ஓடும் சைக்கிளிலேயே இருவரும் கைகுலுக்கினார்கள். காத்திருந்ததால் விங்ககோர் எதையும் இழக்கவில்லை. அன்றைய மலை உச்சியிலும் அவர்தான் முதலில் வந்தார், பந்தயத்தையும் வென்றார்.

இப்போது நம் ஆட்களுக்கு வருவோம். லங்காவிப் பந்தயத்தில் கட்டம் வென்ற முதல் மலேசியர் அனுவார் மனான், ஆண்டு 2010. இத்தாலியின் ஆண்ட்ரியா குவார்டினி 2012-ல் பத்துக் கட்டங்களில் ஆறை வென்றார்! அவர்தான் அந்தப் பந்தயத்தின் வரலாற்றிலேயே அதிகக் கட்டங்கள் வென்றவர். இங்கே நம் வெயிலில் பழகிய கால்களோடு அதே ஆண்டு இத்தாலி திரும்பி, ஜிரோ டி இத்தாலியாவில் மார்க் கேவண்டிஷையே தோற்கடித்தார். அந்தக் கேவண்டிஷ் யார்? 2024 ஜூலையில் டூர் டி பிரான்ஸில் 35-ஆவது கட்டத்தை வென்று எட்டி மெர்க்ஸின் சாதனையை உடைத்தவர். அவருடைய வாழ்க்கையின் கடைசிப் பந்தயம் எங்கே நடந்தது தெரியுமா? ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரில்! 2024 நவம்பர் 10. அதிலும் ஸ்பிரிண்ட் அடித்து முதலில் வந்து, வெற்றியோடு ஓய்வு பெற்றார். நமக்கு இத்தனை பக்கத்தில்!

டுங்குனைச் சேர்ந்த அசிசுல்ஹஸ்னி அவாங்கைப் பற்றிச் சொல்லாமல் மலேசியாவில் ஸ்பிரிண்டைப் பற்றி எழுத முடியாது. அவர் ஓடுவது சாலையில் அல்ல, மரத்தளம் போட்ட வெலோட்ரோமில். 2011 மான்செஸ்டர் உலகக் கிண்ணத்தில், மோட்டார் வண்டியின் பின்னால் தொடங்கும் கெய்ரின் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் விழுந்தார். ஓடுதளத்தின் மரச்சிம்பு, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளம், கெண்டைக்காலின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்படியே எழுந்து சைக்கிளில் ஏறிக் கோட்டைக் கடந்து மூன்றாம் இடம் பிடித்தார்! 2016 ரியோவில் வெண்கலம், 2017-ல் கெய்ரின் உலகச் சாம்பியன், தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. அப்பேர்ப்பட்டவரையும் விதி விடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், முன்னால் வேகம் காட்டிச் செல்லும் மோட்டார் வண்டி தளத்தை விட்டு விலகும் முன்பே அதைத் தாண்டினார் என்று முதல் சுற்றிலேயே தகுதிநீக்கம். நாடே உடைந்துபோனது. எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனால் தீர்ப்பு சரியானது. பதக்கக்காரருக்கு ஒரு விதி, புதியவருக்கு ஒரு விதி என்று வந்துவிட்டால் அப்புறம் அது பந்தயமே இல்லை.

நம்மவர்களில் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். முருகையன் குமரேசன், மலேசியாவுக்காக ஒலிம்பிக் வரை போய் மிதித்த தமிழர். இன்றைய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? வீட்டில் சொல்லுங்கள், தமிழ்ப்பள்ளிகளில் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஜொகூரில் இருந்துகொண்டு ஒன்றைத் தாண்டிப் போக முடியாது. 2017 பிப்ரவரி 18, விடிவதற்கு முன்னால், ஜொகூர் பாரு ஜாலான் லிங்காரான் டாலாம் சாலையில் மாற்றியமைத்த சைக்கிள்களில் கூடியிருந்த எட்டுப் பதின்ம வயதுப் பையன்கள் கார் மோதி இறந்தார்கள். பாசிக்கல் லாஜாக் என்று சொல்லப்படும் அந்தச் சைக்கிள்களில் பெரும்பாலும் பிரேக் இருக்காது. கைப்பிடியைத் தாழ்த்தி, சைக்கிள் மேல் படுத்தபடி பறப்பார்கள். வேகத்தின் மேல் அந்த வயதுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. கேவண்டிஷுக்கும் அசிசுலுக்கும் இருந்தது அதே ஆசைதான். அவர்களுக்கு மூடப்பட்ட சாலை இருந்தது, தலைக்கவசம் இருந்தது, நேராகப் போ என்று கண்டிக்க நடுவர் இருந்தார். தொழில்முறைப் பந்தயங்களிலேயே தலைக்கவசம் கட்டாயமானது 2003-ல்தான், அதுவும் கசக்ஸ்தான் வீரர் ஆந்திரே கிவிலேவ் விழுந்து இறந்த பிறகு. வேகப் பித்துப் பிடித்த பையன் உங்கள் வீட்டில் இருந்தால் அவனை அதட்டி உட்கார வைக்காதீர்கள். ஒரு சைக்கிளோட்ட மன்றத்தில் சேர்த்துவிடுங்கள். நெகிரி செம்பிலான் நீலாயில் தேசிய வெலோட்ரோம் இருக்கிறது. ஒரு நாள் அழைத்துப்போய் அந்தச் சாய்தளத்தைக் காட்டுங்கள்.

லங்காவிப் பந்தயம் நம் பக்கம் வரும்போது நீங்களும் போய்ப் பாருங்கள். முடிவுக்கோட்டிலேயே நிற்க வேண்டும் என்பதில்லை. அதற்கு 200, 300 மீட்டர் முன்னால் நின்றால்தான் ஸ்பிரிண்டர் காற்றுக்குள் பாயும் கணம் கிடைக்கும். கைப்பேசியைத் தடுப்புக்கு வெளியே மட்டும் நீட்டாதீர்கள். 1994 டூர் டி பிரான்ஸில் ஆர்மோந்தியேர் நகரில் ஒரு காவலர் படம் எடுக்கத் தடுப்பைவிட்டு முன்னே வந்து நின்றதால் வில்ஃப்ரிட் நெலிசனும் லோரான் ஜலாபேரும் மோதி விழுந்தார்கள். 2021-ல் அதே பந்தயத்தில் ஒரு பார்வையாளர் சாலைக்குள் நீட்டிய அட்டை ஒன்று பாதிக் கூட்டத்தையே சாய்த்தது. தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள், குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தொண்டை கிழியக் கத்துங்கள்.